மோகன் பகான்: ஒரு பெயரின் சரித்திரம்

நம் நாட்டில் பெயருக்கு உள்ள மதிப்பே தனி. பாட்டனாரின் பெயரைத் தாங்குகிற காரணத்தினாலேயே பேரன், பேரன் ஆனான். ஒருவன் நல்ல காரியம் செய்தால் ‘பெயர் எடுத்தான்’ என்கிறோம். தகாத காரியம் செய்தால் ‘பெயரைக் கெடுத்துக்கொண்டான்’ என்கிறோம். பெயர் வைப்பது பெற்றோர் செயல். பெயர் எடுப்பது பிள்ளையின் செயல். இவ்விரண்டுக்கும் அப்பால், பெயரை விற்பது என்று மூன்றாவது காரியம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சிந்திக்கும்படியான சந்தர்ப்பம் சென்ற மாதம் நமக்கு நேர்ந்தது.

நாம் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்து மைதானத்தின் மூலையில் ஒரு பெரிய வேப்பமரம் உண்டு. அதன் அடியில் செருப்பையும் சட்டையையும் கழற்றி வைத்துவிட்டுக் கால்பந்து ஆடப் போகும் பிள்ளைகள், எத்தனையோ வருஷங்களாகத் தங்களை ‘வேப்பமரக் கோஷ்டி’ என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் நல்ல பந்து கிடையாது. ஒரே மாதிரியான பனியனும் கிடையாது. கடைத்தெரு வியாபாரி ஒருவர் பதினைந்து பனியன்களும் இரண்டு பந்துகளும் வாங்கித் தர முன்வந்தார். நல்ல மனிதர். ஆனால் ஒரு நிபந்தனை: கோஷ்டிக்கு அவருடைய கடையின் பெயரை வைக்க வேண்டும்.

பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். “பெயரை மாற்றினால் என்ன ஸார் குற்றம்? ஆடப் போகிறவர்கள் நாங்கள்தானே?” என்றான் ஒருவன். மற்றொருவனோ கண்கலங்க நின்றான். அவனுடைய தமையனும் அதே மரத்தடியில் ஆடியவன்.

நாம் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. சுமார் நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளில் பலமுறை பெயர் மாறிய ஒரு கல்கத்தாக் கால்பந்துச் சங்கத்தின் கதையை மட்டும் சொன்னோம். அந்தக் கதையைத்தான் இங்கே நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

தோட்டத்தில் பிறந்த சங்கம்

வட கல்கத்தாவில் பரியாபுகூர் என்ற பகுதியில் மித்ரா குடும்பத்தாருக்கு ஒரு மாளிகை இருந்தது. அதற்கு ‘மோகன் பகான்’ என்று பெயர். வங்காளியில் ‘பகான்’ என்றால் தோட்டம். ‘மோகன்’ என்பதற்கு நமக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. மனத்தை மயக்கும் எழிற்சோலை என்று தமிழ்ப்படுத்தலாம். அந்தச் சுற்றுப்புறத்துப் பெரிய குடும்பங்கள் சில சேர்ந்து, 1889-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ஆம் தேதி ஒரு விளையாட்டுச் சங்கத்தை ஸ்தாபித்தன. சங்கத்துக்கு அந்த மாளிகையின் பெயரையே சூட்டினார்கள். முதல் தலைவராக இருந்தவர் பூபேந்திரநாத் போஸ். இவரைத் தமிழ்நாட்டாருக்கும் அறிமுகம் உண்டு. 1914-ஆம் வருஷம் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அக்கிராசனம் வகித்தவர் இவரேயாவார்.

ஆரம்பத்தில் அதன் பெயர் ‘மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப்’ என்பது. ஒரு வருஷம் நிறைவெய்தியபோது ஆண்டு விழாவுக்குப் பிரஸிடென்ஸி கல்லூரி ஆசிரியரான ரோ என்ற ஆங்கிலேயரை அழைத்திருந்தார்கள். அவர் ஒரு கேள்வி கேட்டார் என்று சங்கத்தின் வரலாறு கூறுகிறது. ‘ஸ்போர்ட்டிங்’ என்றால் துப்பாக்கி வேட்டையும் தூண்டில் மீன்பிடிப்பும் அடங்குமே, உங்கள் சங்கத்தில் அவை உண்டா என்பது அவர் கேள்வி. இல்லை என்றார்கள். அப்படியானால் ‘அத்லெடிக் கிளப்’ என்று வைத்துக்கொள்வதே பொருத்தம் என்றார் அவர். சங்கத்தார் அவ்விதமே பெயரைத் திருத்திக்கொண்டனர்.

இந்தச் சிறு நிகழ்ச்சியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மோகன் பகானின் முதற் பெயர்மாற்றம் இதுதான். செய்யாத காரியத்தைப் பெயரில் சொல்லிக்கொள்ளலாகாது என்பதற்காக ஒரு சொல்லைக் களைந்துவிட்டு, செய்கிற காரியத்தைக் காட்டும் சொல்லை வைத்தார்கள். இதில் ஒருவருக்கும் ஒரு பைசா லாபம் இல்லை. பெயர் மெய்யாயிற்று, அவ்வளவே.

சங்கத்தின் கட்டுப்பாடும் அந்த மாதிரியே இருந்தது. தொடக்க காலத்தில் அங்கே புகைக்கும் குடிக்கும் இடம் இருக்கவில்லை என்றும், மாணவர்களாயிருந்த ஆட்டக்காரர்கள் படிப்பைக் கைவிடக் கூடாது என்று வற்புறுத்தப்பட்டது என்றும் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். பந்தை உதைப்பதைக் காட்டிலும் பிள்ளைகளை மனிதர்களாக்குவதே அந்தப் பெரியவர்களின் நோக்கம்.

வெறுங்கால் வீரர்கள்

கால்பந்து நம் நாட்டுக்கு வெள்ளைக்காரப் பட்டாளத்தாரோடு வந்த ஆட்டம். சிறந்த மைதானங்கள் அவர்களுடையவை; பந்தயங்களின் நிர்வாகமும் அவர்களுடையதே. 1893-இல் ‘இந்தியக் கால்பந்துச் சங்கம்’ ஏற்பட்டு, அதே வருஷத்தில் கேடயப் போட்டியும் தொடங்கிற்று. ஆனால் அக்கேடயத்தை ஆண்டுதோறும் எடுத்துச் சென்றவர்கள் ஐரோப்பியக் கோஷ்டிகளே. வங்காளிகள் உடல் வலிமையற்றவர்கள், பேனா பிடிக்கத்தான் லாயக்கு என்ற ஏளனம் அப்போது ஆங்கில அதிகாரிகளிடையே சகஜமாக வழங்கிற்று.

மோகன் பகான் படிப்படியாக முன்னேறியது. 1904-இல் கூச்பிகார் கோப்பை. 1905-இல் கிளாட்ஸ்டன் கோப்பை. 1906 முதல் 1908 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் டிரேட்ஸ் கோப்பை. அந்த 1905-ஆம் வருஷத்தில்தான் கர்ஸன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். தெருவெங்கும் சுதேசி இயக்கமும் வந்தேமாதர கோஷமும் எழுந்தன. அந்தக் காற்று மைதானத்திலும் வீசாமலிருக்க முடியுமா?

1911-ஆம் வருஷத்துக் கேடயப் போட்டியில் மோகன் பகான் முதலில் ஸெயின்ட் ஸேவியர் கோஷ்டியை வென்றது; பின்பு ரேஞ்சர்ஸ்; பின்பு ரைபிள் பிரிகேட். அடுத்து மிடில்ஸெக்ஸ் பட்டாளத்தோடு நடந்த ஆட்டம் தலைக்கொரு கோலாக முடிந்து, மறுமுறை ஆடியபோது மூன்று கோல் வித்தியாசத்தில் வெற்றி கிட்டியது. ஜூலை 29-ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் பட்டாளம்.

அன்றைய காட்சியை என்னவென்று சொல்வது! வெளியூர் ஜனங்களுக்காக விசேஷ ரயில் விட்டார்கள். படகுகளிலும் நீராவிக் கப்பல்களிலும் ஆட்கள் வந்து இறங்கினர். 80,000 பேர் கூடியிருக்கலாம் என்று அக்காலத்துச் செய்திகள் மதிப்பிட்டன. மைதானத்தை நெருங்க முடியாமல் தொலைவில் நின்றவர்களுக்குச் செய்தி தெரிவிக்க, கோல் கணக்கை எழுதிக் காற்றாடிகளைப் பறக்கவிட்டார்கள். பட்டாளத்துச் சோல்ஜர்கள் காலில் கனமான பூட்ஸுகள். மோகன் பகான் பதினொருவரில் ஸுதீர் சட்டர்ஜி ஒருவர் மட்டுமே பூட்ஸ் அணிந்தவர். மற்றப் பதின்மரும் வெறுங்காலர்கள்.

முதல் கோல் பட்டாளத்தாருக்கு விழுந்தது. கூட்டம் ஸ்தம்பித்துப் போயிற்று. சற்றைக்கெல்லாம் கோஷ்டித் தலைவர் சிவதாஸ் பாதுரி பந்தைக் கடத்திச் சென்று கணக்கைச் சரிசெய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அவர் வகுத்துக் கொடுத்த பந்தை அபிலாஷ் கோஷ் வலைக்குள் செலுத்தினார். இரண்டுக்கு ஒன்று. கேடயம் முதன்முறையாக ஓர் இந்தியக் கோஷ்டியின் கைக்கு வந்தது.

அந்தப் பதினொருவரில் யாரும் கூலிக்கு ஆடியவர் அல்லர். சிலர் மாணவர்கள், சிலர் உத்தியோகஸ்தர்கள், ஸுதீர் சட்டர்ஜி கல்லூரி ஆசிரியர். பலருடைய பூர்வீகம் கிழக்கு வங்காளம். அதே வருஷம் டிஸம்பரில் டில்லி தர்பாரில் வங்காளப் பிரிவினை ரத்துச் செய்யப்பட்டது. கால்பந்தினால்தான் அது ரத்தாயிற்று என்று நாம் சொல்லவில்லை; அவ்விதம் சொல்வது சரித்திரமாகாது. ஆனால் வெள்ளைக்காரன் தோற்கக்கூடியவன் என்பதை ஆயிரமாயிரம் ஜனங்கள் அன்று கண்ணால் கண்டார்கள். கண்ணால் கண்டதை மறக்கச் செய்ய எந்த ஸர்க்காராலும் இயலாது.

அன்றைய தினத்தைப் பற்றி ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. வெற்றி ஊர்வலத்தில் ஒரு முதியவர் வில்லியம் கோட்டையின் மீது பறந்த ஆங்கிலக் கொடியைச் சுட்டிக்காட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். மோகன் பகான் இரண்டாம் முறை கேடயம் வெல்லும்போது என்று பதில் வந்ததாம். கதை மெய்யோ கற்பனையோ, மோகன் பகான் இரண்டாம் முறை அக்கேடயத்தை வென்றது 1947-ஆம் வருஷத்தில். சங்கம் பிறந்த தேதியும் ஆகஸ்டு 15. இத்தகைய ஒற்றுமைகளை ஜனங்கள் எளிதில் விடுவார்களா? இன்றைக்கும் ஜூலை 29-ஆம் தேதியை ‘மோகன் பகான் தின’மாகக் கொண்டாடி வருகிறார்கள்.

இறாலும் உல்லமும்

வெற்றி பெற்ற பின்பும் வழி சுலபமாகிவிடவில்லை. கல்கத்தா லீக் பந்தயத்தின் கீழ்ப்பிரிவில் 1914-இல்தான் இடம் கிடைத்தது. 1915-இல் மேற்பிரிவுக்கு உயர்ந்தது. இரண்டு இந்தியக் கோஷ்டிகளுக்கு மேல் அங்கே கூடாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. லீக் பட்டத்தை மோகன் பகான் முதன்முதலில் வென்றது 1939-இல். அதற்கு முன்பே 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் வென்று, முகம்மதன் ஸ்போர்ட்டிங் கிளப் நாடெங்கும் புகழ் பெற்றிருந்தது.

1920-இல் ‘ஈஸ்ட் பெங்கால்’ என்ற சங்கம் தோன்றியது. கிழக்கு வங்காளத்துக்காரர்களின் பெருமைக்காக எழுந்தது அது. தேசப் பிரிவினையின்போது அகதிகளாகக் கல்கத்தாவில் வந்து குவிந்தவர்கள், இழந்த ஊருக்குப் பதிலாக அந்தச் சங்கத்தைத் தங்கள் ஊராகவே பாவித்தார்கள். அன்றுமுதல் கல்கத்தாக் குடும்பங்கள் இரண்டு வகை. மோகன் பகான் வென்றால் அந்த வீட்டில் இறால் கறி. ஈஸ்ட் பெங்கால் வென்றால் இந்த வீட்டில் உல்ல மீன். கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி என்றால் சமையலறையில் அன்று என்ன நடக்கும் என்பதை நேயர்களே யூகித்துக்கொள்ளலாம்.

வேடிக்கையாகச் சொல்லுகிற இந்தப் பற்று, வேடிக்கையோடு நின்றுவிடவும் இல்லை. 1980-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி, இவ்விரு கோஷ்டிகளின் ஆட்டத்தின்போது ஈடன் தோட்ட மைதானத்தில் நேர்ந்த கலவரத்திலும் நெரிசலிலும் பதினாறு பேர் மாண்டனர். மைதானத்துக்குப் போன பிள்ளை திரும்பி வராத வீடுகள் பதினாறு.

ஆட்டத்தின் பெருமைக்கும் குறைவில்லை. 1948-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியின் தலைவர் நாகநாட்டைச் சேர்ந்த டாலிமேரன் ஆவ். 1951-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற கோஷ்டியின் தலைவர் சைலேன் மன்னா. 1962-இல் ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம் வென்றபோது தலைவர் சுனி கோஸ்வாமி. மூவரும் மோகன் பகானின் ஆட்டக்காரர்கள். நூற்றாண்டு நிறைவெய்திய 1989-இல் இந்திய ஸர்க்கார் சங்கத்தின் பெயரால் தபால் தலை வெளியிட்டது. பச்சையும் அரக்குச் சிவப்பும் கலந்த சட்டை, பாய் விரித்த படகுச் சின்னம், மோகன் பகான் என்ற பெயர் இம்மூன்றும் ஒரு சங்கத்தின் அடையாளமாக இருந்ததுபோய், ஒரு நகரத்தின் ஞாபகமாகவே ஆகிவிட்டன.

முதலாளிகள் வந்த கதை

ஞாபகத்தினால் வயிறு நிறையுமா? காலம் மாறியது. ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கினார்கள். அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. காலை முதல் மாலை வரை உடலை வருத்திப் பழகுகிறவனுக்கு ஜீவனோபாயம் வேண்டாமா? ஆனால் அங்கத்தினர்களின் சந்தாவும் டிக்கெட் வசூலும் அந்தச் சம்பளத்துக்குப் போதவில்லை.

1998-இல் யுனைடெட் புரூவரீஸ் என்ற மதுபானக் கம்பெனிக் கூட்டம் வந்தது. கால்பந்துக் கோஷ்டியை நடத்துவதற்கென்று தனியாக ஒரு கம்பெனி ஏற்படுத்தி, அதில் பாதிப் பங்கை அது வாங்கிக்கொண்டது. கோஷ்டியின் பெயர் ‘மக்டோவல் மோகன் பகான்’ என்றாயிற்று. மக்டோவல் என்பது ஒரு சாராயச் சரக்கின் பெயர். குடிக்கு இடமில்லை என்று தொடங்கிய சங்கத்தின் நெற்றியில் சாராயத்தின் பெயர்! எதிர்க்கட்சியும் தப்பவில்லை. அதே முதலாளியின் மற்றொரு சரக்கின் பெயரால் அது ‘கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால்’ ஆயிற்று. நூறாண்டுப் பகைவர்கள் இருவரும் ஒரே கடைக்காரரின் இரண்டு புட்டிகளாகக் காட்சியளித்தார்கள். இருந்தாலும் அபிமானிகள் அந்த முன்சொல்லை வாயால் உச்சரித்ததில்லை. அது காகிதத்திலும் பனியனிலும் இருந்ததோடு சரி. 2010-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அந்தச் சம்பந்தமும் முடிவுற்றது.

அதற்குள் வேறொரு புயல் கிளம்பியிருந்தது. 2014-இல் ‘இந்தியன் ஸூப்பர் லீக்’ என்ற புதுப் பந்தயம் தொடங்கிற்று. பழைய சங்கங்களை விட்டுவிட்டு, நகரத்துக்கு ஒன்றாகப் புதுக் கோஷ்டிகளை முதலாளிகள் ஏற்படுத்தினார்கள். ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரின் பிரபல சங்கத்தோடு கூட்டுச் சேர்ந்து, கல்கத்தாவில் ‘அத்லெடிகோ டி கொல்கத்தா’ என்ற கோஷ்டி பிறந்தது. 2014-லும் 2016-லும் அது பட்டம் வென்றது. 2017-இல் ஸ்பெயின் தேசத்தார் விலகிக்கொள்ளவே, பெயரைச் சுருக்கி ‘ஏ.டி.கே.’ என்று மூன்று எழுத்தாக்கினார்கள். உறவு முறிந்த பிறகும் உறவுக்காரரின் பெயரில் மிச்சமிருந்த எழுத்துக்கள் அவை.

2019-இல் அந்தப் புதுப் பந்தயத்துக்கே நாட்டின் முதலிடம் என்று கால்பந்து அதிகாரிகள் தீர்மானித்தனர். பழைய ஐ-லீக் பந்தயம் இரண்டாம் இடத்துக்கு இறங்கிற்று. அப்போதிருந்த ஏற்பாட்டின்படி அதில் வென்றவருக்கு மேலே ஏற வழி இல்லை. 2020 மார்ச் 10-ஆம் தேதி மோகன் பகான் ஐஸால் கோஷ்டியை வென்று ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. மைதானத்தில் எல்லோரையும் வென்றாகிவிட்டது. ஆயினும் மேற்படிக்கு வாயில் திறக்கவில்லை. 1914-க்கு முன்பு நிறத்தின் பேரால் சாத்தியிருந்த கதவை இப்போது பணத்தின் பேரால் சாத்தியிருந்தார்கள் என்று அபிமானிகள் மனம் வெதும்பியது வியப்பன்று.

மூன்று எழுத்துக்கள்

கதவைத் திறக்க ஒரு வழிதான் இருந்தது. ஏ.டி.கே. கோஷ்டியின் உரிமையாளரான சஞ்சீவ் கோயங்காவின் தொழிற்குழு, மோகன் பகானின் கால்பந்துக் கம்பெனியில் நூற்றுக்கு 80 பங்கை வாங்கிக்கொள்வதென்று 2020 ஜனவரியில் ஒப்பந்தமாயிற்று. மிச்சம் 20 பங்கு பழைய சங்கத்தினிடம். பழைய சங்கம் சங்கமாகவே இருக்கும். கால்பந்து மட்டும் கம்பெனியினுடையது. குழந்தையில்லாத செல்வர் வீட்டுக்கு ஏழைக் குடும்பத்துப் பிள்ளை ஸ்வீகாரம் போவதைப் போன்ற ஏற்பாடு இது. ஆனால் இங்கே ஸ்வீகாரம் போனது நூற்று முப்பது வயதுப் பாட்டனார். எடுத்துக்கொண்டதோ ஆறு வயதுக் குழந்தை!

ஜூலை 10-ஆம் தேதி பெயர் வெளியாயிற்று: ‘ஏ.டி.கே. மோகன் பகான்’. பச்சையும் அரக்கும் மாறவில்லை; படகும் மாறவில்லை. ஆனால் பெயருக்கு முன்னே அந்த மூன்று எழுத்துக்கள் நின்றன. ஒரு புறம், பெயர் பிழைத்ததே என்று ஆறுதலடைந்தவர்கள் இருந்தார்கள். அந்த ஜூலை 29-ஆம் தேதி அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து நாற்சந்தியொன்றின் பிரம்மாண்டமான மின்விளக்குப் பலகையில் மோகன் பகானின் நிறமும் சின்னமும் ஒளிர்ந்தன. மறுபுறம், சட்டையில் பொறித்த மூன்று நட்சத்திரங்களைக் கண்டு அபிமானிகள் கொதித்தார்கள். அவை ஏ.டி.கே. வென்ற மூன்று பட்டங்களைக் குறித்தவை. நேற்று வரை நமக்கு எதிர்ப்பக்கத்து ஊர்க்கோஷ்டியாக இருந்தவர் வென்றதை நாம் ஏன் மார்பில் குத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள்.

ஏ.டி.கே.யை நீக்குக என்ற கோரிக்கை கிளம்பிற்று. கொள்ளைநோயின் காரணமாக மைதானங்கள் மூடிக் கிடந்தன. ஆட்டங்கள் கோவாவில் ஜனங்கள் இல்லாமலேயே நடந்தன. கதவு திறந்த பிற்பாடு அபிமானிகள் கொடித்துணிகளில் அந்தக் கோரிக்கையை எழுதிப் பிடித்தார்கள். சிலர் மைதானத்துக்கே போகாமல் இருந்தார்கள். இத்தனைக்கும் கோஷ்டி தோற்றுக்கொண்டிருக்கவில்லை. தோற்கிற கோஷ்டியின் மீது கோபிப்பது எல்லோரும் செய்வது. வெல்லுகிற கோஷ்டியைப் பார்த்து, ‘இந்த வெற்றி யாருடைய பெயரில் எழுதப்படுகிறது?’ என்று கேட்பதற்கு வேறுவிதமான பற்று வேண்டும்.

2023 மார்ச் 18-ஆம் தேதி கோவாவில் இறுதி ஆட்டம். பெங்களூர்க் கோஷ்டியோடு இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, பெனல்டி உதைகளில் நான்குக்கு மூன்று என்று வென்றார்கள். வெற்றியின் சூடு ஆறுமுன்பே கோயங்கா ஓர் அறிவிப்புச் செய்தார்: அடுத்த பருவம் முதல் மூன்று எழுத்துக்களும் இரா. அவ்வருஷம் ஜூன் மாதம் முதல் ‘மோகன் பகான் ஸூப்பர் ஜயண்ட்’ என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது.

பூரண வெற்றி என்று சொல்லலாமா? ‘ஸூப்பர் ஜயண்ட்’ என்பது கோயங்காவின் லக்னௌ கிரிக்கெட் கோஷ்டிக்கும் முன்பு அவருடைய புனாக் கோஷ்டிக்கும் சூட்டிய பட்டம். முன்னால் இருந்த முதலாளியின் பெயர் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான் என்று சொல்லுகிறவர்களும் உண்டு. ஆயினும் முதலில் வருவது எது என்பது சிறிய விஷயமன்று. புதுப் பெயரோடு அதே 2023-இல் டியூராண்டு கோப்பையையும், 2024 ஏப்ரலில் லீக் கேடயத்தையும் வென்றார்கள். 2025-இல் கேடயம், கோப்பை இரண்டும் சேர்ந்து வந்தன. முதலாளியின் பணம் இல்லாமல் இவை வந்திரா என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிற தேசங்களில்

இவ்விதத் தகராறு நம் நாட்டில் மட்டும் உள்ளதன்று. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் சங்கத்தார் நீலச் சட்டைக்காரர்கள். ‘நீலப் பறவைகள்’ என்பது அவர்களுடைய செல்லப் பெயர். மலேயாவைச் சேர்ந்த முதலாளி ஒருவர் 2012-இல் சட்டையைச் சிவப்பாக்கினார். அவர் பணத்தினால் கோஷ்டி மறுவருஷமே மேற்பிரிவுக்கு உயர்ந்தது. ஆயினும் ஜனங்கள் விடவில்லை. 2015 ஜனவரியில் நீலம் திரும்பிற்று. ஆஸ்திரியாவில் ஸால்ஸ்பர்க் நகரத்துச் சங்கத்தை 2005-இல் ஒரு பானக் கம்பெனி வாங்கி, ஊதா நிறத்தை அழித்துத் தன் நிறத்தைப் பூசிற்று. பழைய அபிமானிகள் வெளியேறி, பழைய பெயரோடும் பழைய நிறத்தோடும் வேறு சங்கம் கண்டு, அடிப்படியிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். கம்பெனியின் கோஷ்டி பட்டம்மேல் பட்டம் வென்றது; அவர்களோ சிறு மைதானத்தில் ஊதாக் கொடியோடு நின்றார்கள்.

பெயர் யாருடையது?

பெயரை மாற்றவே கூடாது என்பது நமது கட்சியன்று. 1890-இல் மோகன் பகான் தன் பெயரைத் திருத்திக்கொண்டது; அதை யாரும் குறை கூறவில்லை. கல்கத்தா நகரமே 2001-இல் கொல்கத்தா என்று பெயர் திருத்திக்கொண்டது. அங்குள்ள ஜனங்கள் தங்கள் வீட்டில் வழங்கும் பெயர் அது. நம் சென்னையும் 1996-இல் அவ்விதமே செய்தது. பெயர் மெய்யை நெருங்குமானால் அது திருத்தம். மெய்யை விட்டு விலகுமானால் அது விற்பனை. இந்த ஒரு துலாக்கோலே போதும் என்று நமக்குத் தோன்றுகிறது.

பங்குகளை வாங்கலாம், மைதானத்தை வாங்கலாம், ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களையும் வாங்கலாம். இவையெல்லாம் பத்திரத்தில் எழுதக்கூடியவை. ஆனால் 1911-இல் வெறுங்காலோடு பூட்ஸை எதிர்த்து நின்றவர்களின் துணிவை யார் எந்தப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க முடியும்? பணம் போட்டவருக்கு நன்றி கூற வேண்டியது கடமை. அவருடைய பெயரைச் சட்டையில் ஓரிடத்தில் பொறிப்பதும் நியாயம். ஆலயத்துக்கு விளக்கு உபயம் செய்கிறவர் விளக்கில் தம் பெயரை வெட்டிக்கொள்ளுகிறார். ஸ்வாமியின் பெயரை மாற்றச் சொல்லுவதில்லை.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் போனார்கள். மறுநாள் ஒரு கடிதத்தோடு வந்து, எழுத்துப்பிழை பார்த்துத் தரும்படி கேட்டார்கள். ‘தங்கள் கடையின் பெயரை எங்கள் பனியனின் கையிலும் முதுகிலும் மகிழ்ச்சியோடு போட்டுக்கொள்வோம். மார்பில் மட்டும் வேப்பமரம் இருக்க அனுமதிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு பிழைதான் இருந்தது; திருத்திக் கொடுத்தோம். கண்கலங்கி நின்ற பிள்ளையே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பதில் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் வேப்பமரத்தடியில் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய பந்தோடு ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.